காரணம்: காசே சாயாங்

"இந்தக் கட்டத்துல என்னாண்ணே எழுதட்டும்?" என்று கேட்டுவிட்டு லூர்துசாமி பேனாவை உயரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

கோலகங்சார் லேண்ட் ஆபீஸுக்கு எதிரே, மரத்தடியில் ஒரு மடக்கு மேசையும் இரண்டு முக்காலியும் போட்டு உட்கார்ந்திருப்பவர் லூர்துசாமி. மலாய் எழுதத் தெரியாதவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுப்பது அவர் தொழில். இருபது வருடத்தில் பேராக்கு மாநிலத்து நிலத்தில் பாதி தன் பேனா வழியாகத்தான் கைமாறியது என்று சொல்லிக்கொள்வார். யாரும் மறுத்ததில்லை.

எதிர் முக்காலியில் ஐயாவு. சுங்கை சிப்புட்டில் சொந்தமாக ஒரு பலகை லோரி வைத்து ஓட்டுகிறவர். அடுத்தவர் சொல்வதை முழுசாகக் கேட்பது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்பது அவர் கட்சி.

"எந்தக் கட்டம்? எல்லாத்தையும்தான் சொல்லிட்டேனே."

"நிலத்தை என்ன காரணத்துக்காகக் குடுக்குறீங்கங்கிற கட்டம். வித்தா விலையைப் போட்டுடலாம். நீங்க விக்கலையே."

"சும்மா குடுக்கிறேன்னு எழுது."

"சும்மான்னு எழுத முடியாதுண்ணே. சொந்தக்காரங்களுக்குள்ள குடுக்கிறப்ப 'காசே சாயாங்'னு போடுறதுதான் வழக்கம். அன்பு பாசத்துனால குடுக்கிறேன்னு அர்த்தம்."

ஐயாவு முக்காலியோடு ஒரு முழம் பின்னால் நகர்ந்தார்.

"அன்பா? அவன் மேலயா?"

அந்த 'அவன்' பத்தடி தள்ளி வேலியோரம் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். பெயர் சீனி. ஐயாவுவின் மனைவி நவமணிக்கு உடன்பிறந்த தம்பி. பாகான் டத்தோவில் தென்னந்தோப்பில் வேலை. ஐயாவு அவனோடு பேசி ஏழு வருடம் ஆகிறது. 1972இல் நடந்த ஒரு கல்யாணத்தில் பாயாச வாளியோடு வந்த சீனி, மூத்த மாப்பிள்ளையான ஐயாவுவின் இலையைத் தாண்டிப் போய்விட்டான். திரும்பி வருவதற்குள் பாயாசம் தீர்ந்துவிட்டது. அன்றைக்கு எழுந்தவர்தான், பாகான் டத்தோ பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நவமணியையும் பிறந்த வீட்டுப் பக்கம் விடவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு எதற்கு நிலத்தை எழுதிக் கொடுக்கிறார்? அங்கேதான் ஐயாவுவின் மூளை இருக்கிறது.

ஈப்போவில் அரசாங்கம் மலிவு விலை வீடுகள் கட்டிக் குலுக்கலில் கொடுக்கப் போகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர். சங்கிலியை இழுத்தால் கக்கூஸுக்குள்ளேயே தண்ணீர். அந்தச் சங்கிலியை ஒரு நண்பர் வீட்டில் இழுத்துப் பார்த்ததிலிருந்து ஐயாவுக்குத் தன் வீட்டு வாளிக் கக்கூஸைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால், வேறு நிலமோ வீடோ உள்ளவர்கள் மனுப் போடக் கூடாது. ஐயாவுக்கோ சுங்கை சிப்புட்டில் கால் ஏக்கர் நிலமும் அதில் பலகை வீடும் இருந்தன.

"அப்ப என் பேருக்கு மாத்துங்களேன்" என்று நவமணி போன வாரமே சொல்லிப் பார்த்தாள்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒண்ணுதான் கவுருமெண்டுக்கு. அதோட உனக்கு எதுக்குடி நிலம்? எவனாவது வந்து அழுதா எடுத்துக் குடுத்துருவ."

"இப்ப இங்க நமக்கு என்ன குறைச்சல்? ஈப்போவுக்கு எதுக்குப்…"

"நான் யோசிக்காமலா செய்வேன்?" என்று ஐயாவு அத்தோடு முடித்துவிட்டார்.

அவர் யோசனை இதுதான். நண்பன் பேருக்கு மாற்றினால் ஏமாற்றுவான். பேசாத மச்சினன் பேருக்கு மாற்றினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மேலும் சீனிக்கு ஏமாற்றத் தெரியாது. தெரிந்திருந்தால் எப்போதோ முன்னேறியிருப்பான். ஈப்போ வீடு கையில் கிடைத்ததும், "கொண்டாடா" என்று ஓர் அதட்டல். நிலம் திரும்பி வந்துவிடும்.

"எழுது லா, அன்போ பாசமோ. எல்லாம் சும்மா பேருக்குத்தானே" என்றார் லூர்துசாமியிடம்.

லூர்துசாமி பேனாவைக் கீழே வைத்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சட்டத்துல 'சும்மா பேருக்கு'ன்னு ஒண்ணு கிடையாது. மாத்துனா மாத்துனதுதான். பதிவு ஆன நிமிஷத்துல இருந்து நிலம் அவரோடது. அவரு நடலாம், வெட்டலாம், வேற யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். உங்களைக் கேக்க வேண்டியதில்ல."

"அவன் என்னைக் கேக்காம மூச்சுக்கூட விடமாட்டான். நீ எழுது."

நவமணி கணவனுக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். லூர்துசாமி சொன்னதை அவள் மட்டும் முழுசாகக் கேட்டாள்.

உள்ளே நில அதிகாரி பாரத்தை வாங்கிப் படித்தார். நல்ல மனிதர். கொடுப்பவரையும் வாங்குபவரையும் பார்த்து மலாயில் கேட்டதை லூர்துசாமி தமிழில் சொன்னார்.

"சீனி, உங்க மாமா உங்க மேல இருக்கிற அன்புனால, பாசத்துனால, ஒரு காசுகூட வாங்காம இந்தக் கால் ஏக்கரை உங்களுக்குக் குடுக்கிறாரு. சம்மதமான்னு தொரை கேக்குறாரு."

சீனியிடம் ஐயாவு ஆள் விட்டு, "வந்து கையெழுத்துப் போடு" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். என்ன ஏது என்று அவனும் கேட்டிருக்கவில்லை. இப்போது அவன் வாய் கோணியது. அடுத்த நொடி ஐயாவுவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டான்.

"மாமா! ஏழு வருஷமா என்மேல கோவமா இருக்கீங்கன்னுல நெனச்சேன்! உள்ளுக்குள்ள இவ்வளவு பாசத்த வச்சிக்கிட்டா பேசாம இருந்தீங்க!"

"விடுடா… டேய், விடு… ஆபீஸு!"

அதிகாரியின் கண்களும் கலங்கிவிட்டன. நிலத்துக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொள்வதையே பன்னிரண்டு வருடமாகப் பார்த்தவராம். எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார். முத்திரையை வழக்கத்தைவிடப் பலமாகக் குத்தினார்.

பதிவானது பிப்ரவரி கடைசியில். கையோடு ஐயாவு ஈப்போ வீட்டுக்கு மனுப் போட்டுவிட்டார். மறுவாரம் நவமணி தம்பியோடு கோலகங்சாருக்குச் சேலை எடுக்கப் போனாள். ஏழு வருடத்துக்குப் பிறகு அக்காளும் தம்பியும் ஒன்றாகப் போகிறார்களே என்று ஐயாவு பெரிய மனதோடு விட்டுவிட்டார். மாலையில் வெறுங்கையோடு வந்தாள்.

"சேலை எங்கடி?"

"ஒண்ணும் பிடிக்கல."

இன்னும் சில நாளில், கிராண் என்று எல்லோரும் சொல்லும் நிலப் பத்திரத்தை மஞ்சள் துணியில் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, சாமி அலமாரியில் வைத்தாள்.

"சீனிதான் குடுத்தான். இங்கேயே இருக்கட்டுமாம். கோயில்ல வச்சுப் பூசை பண்ணுனது. முடிச்சை அவுக்காதீங்க."

ஐயாவு மகிழ்ந்து போனார். "பாத்தியா? பேரு எவனோடதா இருந்தா என்ன, கிராண் யாரு வீட்டுல இருக்குதோ நிலம் அவனுக்குத்தான். நான் யோசிக்காமலா செய்வேன்?"

அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் அந்த மஞ்சள் மூட்டைக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டார். அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா, ரப்பர் தோட்டத்தில் வேலையாட்களுக்குக் கொடுக்கும் லயத்து வீட்டில்தான் செத்தார். பிணத்தை எடுத்த மறுவாரமே, வேலை செய்கிற ஆள் இல்லை, வீட்டைக் காலி பண்ணு என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து நின்றார். தாத்தா, அப்பா, யாருக்கும் செத்த பிறகு ஒரு வாரம் தாண்டி வீடு இருந்ததில்லை. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது ஐயாவு விழுந்தடித்து வாங்கிய கால் ஏக்கர் அது.

சீனியின் பாசமோ அடுத்த ஞாயிற்றுக்கிழமையே லோரி ஏறி வந்தது. நாற்பது தேங்காய், இரண்டு கோழி, மனைவி செல்லாயி.

வந்தவன் சும்மா இருந்தானா? மாரியம்மன் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று, "என் மாமா பாசத்துக்காகக் கட்டுன வீட்டையே குடுத்தவரு" என்று சொல்லி அழுதான். தலைவர் ஐயாவுக்கு மாலை போட்டார். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது. மாலையைக் கழற்றும்போதுதான் ஐயாவுக்கு உறைத்தது: இத்தனை பேர் கைதட்டிய பிறகு நிலத்தைத் திருப்பிக் கேட்பது எப்படி?

"அதெல்லாம் பாத்துக்கலாம். மொதல்ல ஈப்போ வீடு வரட்டும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த மாதம் சீனி நாற்பது தென்னங்கன்றோடு வந்தான். ஐயாவு பட்டர்வொர்த் வரை லோட் இறக்கிவிட்டு வந்து பார்த்தபோது வீட்டைச் சுற்றித் தென்னை. லோரி நிறுத்தும் கொட்டகையைக் காணோம்.

"என் கொட்டகை எங்கடா?"

"பிரிச்சிட்டேன் மாமா. அங்கதான் மண்ணு நல்லாருக்கு. அக்காகிட்ட கேட்டேன், சரின்னுச்சு."

"அவகிட்ட கேட்டா போதுமா?"

"போதும்ல மாமா?" என்றான் சீனி, கண்ணை அகல விரித்து.

அவனைத் திட்டவும் வழியில்லை. கோயில் தலைவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "குடுத்தாலும் குடுத்தீங்க, தம்பி எப்படி வச்சிருக்கான் பாருங்க!" என்று சிரித்துக்கொண்டிருந்தார். ஐயாவு லோரியை ரோட்டில் நிறுத்திவிட்டு, மழையில் நனைந்தபடி வீட்டுக்கு வந்தார். நவமணி சமையல்கட்டு ஜன்னலை விரியத் திறந்து வைத்திருந்தாள். லோரிப் புகை உள்ளே வருகிறது என்று பத்து வருடமாக மூடியே கிடந்த ஜன்னல் அது.

இனிப் பொறுப்பதில்லை என்று ஐயாவு ஒரு திட்டம் போட்டார். சீனிக்குக் கோபம் வரவேண்டும். கோபத்தில், "உங்க வீடும் வேணாம், நிலமும் வேணாம்" என்று அவனே தூக்கி எறிய வேண்டும். எறிந்ததைப் பொறுக்கிக்கொள்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

அடுத்த ஞாயிறு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் இலையைத் தள்ளிவிட்டு ஆரம்பித்தார்.

"எனக்குச் சோறு வேணாம். உன்னைப் பாத்தா அந்தக் கல்யாணப் பந்திதான் ஞாபகத்துக்கு வருது. மூத்த மாப்பிள்ளை இலைன்னு தெரிஞ்சும் தாண்டிப் போனவன்தானே நீ? நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

சீனியின் முகம் சுருங்கியது. பிசைந்த சோற்றை விட்டுவிட்டு எழுந்தான். வெளியே போய்விட்டான்.

"என்னாங்க இது!" என்றாள் நவமணி.

ஐயாவு மீசையைத் தடவிக்கொண்டார். "நான் யோசிக்காமலா செய்வேன்?"

ஒரு மணி நேரத்தில் சீனி திரும்பி வந்தான். கையில் ஒரு வாளி. வாளி நிறையப் பாயாசம். சந்து முனைச் சாப்பாட்டுக் கடைக்காரர் அடுப்பில் இவனே நின்று காய்ச்சியதாம்.

"ஏழு வருஷம் மாமா. வருஷத்துக்கு ஒரு கிளாசு. குடிச்சிட்டு என்னை மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க."

நாலாவது கிளாசில் ஐயாவு கையெடுத்துக் கும்பிட்டார். சீனி விடவில்லை. ஏழாவதைக் குடித்துவிட்டு அவர் அசையாமல் உட்கார்ந்திருக்க, சீனி அவர் காலைத் தொட்டுச் சொன்னான்.

"இனிமே உங்க இலையில பாயாசம் இல்லாத நாளே இருக்கக் கூடாது மாமா. நாங்க இங்கேயே வந்துடறோம். அக்காவும் சரின்னுடுச்சு."

வந்தேவிட்டார்கள். ஐயாவுவின் கட்டிலில் சீனியும் செல்லாயியும். ஐயாவு முன்கூடத்தில் பாயில். நவமணி மட்டும் அந்த வீட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நடமாடினாள்.

செப்டம்பரில் ஈப்போவிலிருந்து கடிதம் வந்தது. ஐயாவு அதை எடுத்துக்கொண்டு லோரியில் பறந்தார், லூர்துசாமியிடம்.

"வாசி. எத்தனாம் நம்பர் வீடு?"

லூர்துசாமி வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். "வீடு இல்லண்ணே. உங்க மனு தள்ளுபடி. குடும்பத்துல ஒருத்தர் பேருல நிலம் இருக்குதாம்."

"குடும்பத்துலயா?" ஐயாவு மேசையை ஓங்கி அறைந்தார். "அந்தப் பாவி என் வீட்டுல வந்து ஒக்காந்தான்ல, அவனையும் என் குடும்பத்துல சேத்துட்டானுங்க!"

"அண்ணே, அது வந்து… அவரு இல்ல, எனக்கென்னமோ…"

"நீ பேசாத!"

அதே வேகத்தில் வீடு திரும்பினார். வாசலில் ஒரு சீனக் காண்ட்ராக்டரின் வேன் நின்றது. சமையல்கட்டுக்குப் பின்னால் காண்ட்ராக்டர் அளவு நாடாவை இழுத்துப் பிடிக்க, மறுமுனையைச் சீனி பிடித்துக்கொண்டிருந்தான். காண்ட்ராக்டரின் கக்கத்தில் இரண்டு வெள்ளைப் பீங்கான் ஓடுகளும் கைப்பிடி வைத்த ஒரு சங்கிலியும்.

நிலத்தை அளக்கிறான்! விற்கப் போகிறான்!

ஐயாவு வீட்டுக்குள் ஓடினார். ஈப்போ வீடும் போச்சு. இதுவும் போகப் போகிறது. ஐம்பது வயதில் மறுபடியும் எவனாவது வந்து காலி பண்ணச் சொல்வான். சாமி அலமாரியைத் திறந்து மஞ்சள் மூட்டையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"என்னாங்க, நில்லுங்க! அது எதுக்கு அளக்குறாங்கன்னா…"

"நீயும் உன் தம்பியும்! அவனுக்குத் தலையாட்டித் தலையாட்டி இப்ப தெருவுல நிக்கப் போற!"

"சாப்பிட்டுட்டாவது போங்க. லேண்ட் ஆபீஸு எங்கேயும் ஓடிடாது" என்றாள் நவமணி. அவர் எங்கே போகிறார் என்று அவள் கேட்கக்கூட இல்லை.

மரத்தடியில் லூர்துசாமி மேசையை மடக்கிக்கொண்டிருந்தார். ஐயாவு அவர் கையைப் பிடித்தார்.

"தம்பி, அவன் விக்கிறான்யா. எப்படியாவது நிறுத்தணும். எங்கப்பன் செத்தப்ப எட்டாம் நாளு சட்டி பானையோட ரோட்டுல நின்னோம். என் பொண்டாட்டிக்கு அந்த நெலம வரக் கூடாது. நான் போயிட்டாலும் அவளை எவனும் வெளிய போன்னு சொல்லக் கூடாது. அதுக்குத்தான்யா அந்த நிலத்தை வாங்குனதே."

லூர்துசாமி மடக்கிய மேசையை மரத்தில் சாய்த்துவைத்தார்.

"இதை அக்காகிட்ட சொல்லியிருக்கீங்களாண்ணே?"

"அவகிட்ட என்னய்யா சொல்றது? வழி இருக்கா இல்லையா?"

"தடை மனு போடலாம். ஆனா வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து…"

"போடு. இப்பவே போடு."

கவுண்டரில் உட்கார்ந்திருந்த பெண் பெயர் ஐவி. போன வாரம்தான் பத்து காஜா ஊரிலிருந்து மாற்றலாகி வந்த தமிழ்ப் பிள்ளை. இங்கே இன்னும் யாரையும் தெரியாது.

"யாரு பேருல இருக்கிற நிலத்துக்கு அங்கிள் தடை போடணும்?"

"சீனி. என் மச்சினன். நம்பிக் குடுத்தேன்மா. விக்கப் பாக்குறான்."

"கிராண் இருக்கா?"

"என்கிட்டதான் இருக்கு. ஒரு நாள் அவன் கை பட விட்டதில்ல." மூட்டையைக் கவுண்டரில் வைத்தார். ஐவி முடிச்சை அவிழ்க்கப் போனதும் பதறினார். "பாத்தும்மா, சாமிது."

ஆறு மாதத்துக் குங்குமம் கவுண்டர் முழுக்கக் கொட்டியது. ஐவி அதை ஊதித் தள்ளிவிட்டுப் பத்திரத்தைப் பிரித்தாள். முன்பக்கம் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். உள்ளே போய்ப் பெரிய பதிவேட்டையும் எடுத்து வந்து விரலால் வரிவரியாகத் தடவினாள்.

"சீனி பேருல இல்லையே அங்கிள்."

"ஐயோ! வித்துட்டானா?" ஐயாவு கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். "எப்பம்மா?"

"மார்ச்சு மாசமே மாறியாச்சு. அவரு பேருல மொத்தம் பதினோரு நாளுதான் இருந்திருக்கு."

பக்கத்தில் லூர்துசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத கண்ணாடியை அழுத்தி அழுத்தித் துடைக்கத் தொடங்கினார்.

"யாருக்கும்மா? எந்தத் தாவுக்கே மொதலாளிக்கு வித்தான்? எவ்வளவுக்கு?"

"விக்கல அங்கிள், சும்மாதான் குடுத்திருக்காரு, காரணம் காசே சாயாங்னு போட்டிருக்கு, நவமணின்னு ஒரு அம்மாவுக்கு… யாரு அங்கிள் அவங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"